கொத்தும் கிலோவும்: நெல், அரிசி, மா ஆகியவற்றை அளத்தலும் நிறுத்தலும்

சப்ரகமுவா மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் விளைபொருளைக் கணக்கிடுவதற்கு இரு முறைகள் அருகருகே வழங்கி வருகின்றன. களத்திலும் வீட்டிலும் முகத்தலளவையே வழக்கு. கமக்காரர் தம் விளைவைப் புசலிற் சொல்வர். இல்லத்தரசியர் அரிசியையும் மாவையும் கொத்திலும் சுண்டிலும் அளப்பர். கடையிலும் ஆலையிலும் நிறுத்தலளவையே வழக்கு. அங்கே தராசு கிலோகிராமிற் பேசும். இவ்விரு முறைகளும் சந்திக்கும் இடத்திலேதான் கமக்காரருக்குப் பெரும்பாலும் நட்டம் ஏற்படுகின்றது. அளவை நிறையாகவும் நிறையை அளவாகவும் மாற்றும் கணக்கு கடினமானதன்று. நான்கைந்து எண்களை மனத்தில் இருத்தி, வீட்டிலுள்ள பேணியை ஒரு முறை சோதித்துக் கொண்டால் போதுமானது.

முதலில் அளவைகளின் உறவை அறிதல் வேண்டும். இலங்கையில் வழங்கும் புசல், பழைய பிரித்தானிய முறைப்படி எட்டுக் கலன் கொண்டது. ஒரு புசலுக்கு 32 கொத்து. ஒரு கொத்துக்கு 4 சுண்டு. ஆகவே ஒரு புசலில் 128 சுண்டு அடங்கும். லீற்றர்க் கணக்கிற் சொன்னால், புசல் ஒன்று 36.37 லீற்றர், கொத்து ஒன்று 1.137 லீற்றர், சுண்டு ஒன்று 284 மில்லிலீற்றர். இவை யாவும் இடத்தின் அளவேயன்றிப் பாரத்தின் அளவல்ல. ஒரு கொத்துக்குள் நெல்லைப் பெய்தாலும், அரிசியைப் பெய்தாலும், மாவைப் பெய்தாலும் நிரம்பும் இடம் ஒன்றே. தராசில் வைக்கும்பொழுது மூன்றும் மூன்று விதமாக நிற்கும்.

நன்றாகக் காய்ந்து தூற்றப்பட்ட நெல் ஒரு புசல் 46 இறாத்தல் நிறையுடையதென்பது நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இது 20.87 கிலோகிராமுக்குச் சமம். அரிசி ஒரு புசலோ 64 இறாத்தல்; அதாவது ஏறக்குறைய 29 கிலோகிராம். நாற்பத்தாறைத் திருப்பி எழுதினால் அறுபத்து நான்கு வருமாதலால் இவ்விரு எண்களையும் மறப்பதற்கு இடமில்லை. நெல்லைவிட அரிசி ஏன் பாரம் கூடியது? நெல்மணியின் மேலுள்ள உமி இலேசானது. அதன் சொரசொரப்பினால் மணிக்கும் மணிக்கும் இடையே வெற்றிடம் மிகுதியாக நிற்கும். உமி நீங்கிய அரிசி வழுவழுப்பாகையால் நெருங்கிப் படிகின்றது.

இதிலிருந்து சிறு அளவுகளையும் பெறலாம். ஒரு கொத்து நெல் ஏறக்குறைய 650 கிராம். ஒரு சுண்டு நெல் 163 கிராம். ஒரு கொத்து அரிசி 2 இறாத்தல், அதாவது 907 கிராம். ஒரு சுண்டு அரிசி 227 கிராம். பங்கீட்டு அரிசி வழங்கப்பட்ட காலத்தில் கொத்தென்றால் இரண்டு இறாத்தல் என எல்லோரும் அறிந்திருந்ததும் இக்கணக்கின்படியே. 1953ஆம் ஆண்டில் அக்கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபொழுது நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்ததை முதியோர் சொல்லக் கேட்டவர் பலர்.

இரண்டு புசல் நெல்லைக் குத்தினால் ஒரு புசல் அரிசி கிடைக்கும் என்னும் பழைய வழக்கையும் இந்த எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். இரண்டு புசல் நெல் 92 இறாத்தல். அதில் 64 இறாத்தல் அரிசி பெறவேண்டுமாயின், நூற்றுக்கு 70 பங்கு அரிசியாக வருதல் வேண்டும். மிக நல்ல நெல்லுக்கும் நல்ல ஆலைக்கும் இது ஏறக்குறைய மேல் எல்லை. நூற்றுக்கு 65 பங்கு கிடைத்தால் 60 இறாத்தல், அதாவது 30 கொத்து வரும். ஆலையிலிருந்து 27 அல்லது 28 கொத்தே திரும்பி வருமாயின், நெல்லிற் பதர் மிகுதியா, காய்ச்சல் போதவில்லையா, அன்றி ஆலையின் உருளை அரிசியை நொறுக்குகின்றதா என விசாரித்தல் தகும்.

அளக்கும் முறை

அளவைப் பாத்திரம் சரியானதாயினும் அளக்கும் கை அதனைப் பொய்யாக்கிவிடக் கூடும். பாத்திரத்தின் விளிம்போடு கோலினால் வழித்து அளப்பது ஒரு முறை. தலை குவித்துக் கோபுரமாக அளப்பது மற்றொரு முறை. மேற்கூறிய 46 இறாத்தலும் 64 இறாத்தலும் வழித்து அளந்த புசலுக்கே உரியவை.

குவித்து அளந்தால் எவ்வளவு கூடும் என்பது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. குவித்த நெல் ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் நிற்பதாகக் கொள்வோம். வாயின் விட்டமும் உயரமும் சமமாக, ஒவ்வொன்றும் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக உள்ள கொத்தில், விளிம்புக்கு மேல் நிற்கும் குவியல் கொத்தின் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகும். அதே கொத்தை 16 சென்ரிமீற்றர் வாயுள்ளதாகத் தட்டையாகச் செய்தால், குவியல் மூன்றில் ஒரு பங்காகி விடும். இரண்டும் வழித்து அளக்கும்பொழுது ஒரே கொத்துத்தான். குவித்து அளக்கும்பொழுது மூன்று கொத்து நான்கு கொத்தாகின்றது. விதைநெல் கடன் கொடுப்போர் வழித்து அளந்து கொடுத்துக் குவித்து அளந்து வாங்குவாராயின், வட்டியென்று பெயரில்லாத வட்டி அங்கே ஒன்று உண்டு. வாங்கும்பொழுதும் கொடுக்கும்பொழுதும் ஒரே பாத்திரம், ஒரே கோல் என்று முன்னரே பேசிக்கொள்ளுதல் நலம்.

பாத்திரத்தைத் தரையில் தட்டுவதும், குலுக்குவதும், நெல்லை உயரத்திலிருந்து கொட்டுவதும் மணிகளை நெருங்கப் படியச் செய்து அளவைக் கூட்டும். கொடுப்பவர் மெல்லப் பெய்ய விரும்புவார். வாங்குபவர் தட்ட விரும்புவார். தராசு இவ்விருவரையும் பொருட்படுத்துவதில்லை. விற்பனைக்கு நிறுத்தலளவையே சிறந்ததென்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை. எனினும் தராசுக்கும் அதற்கேயுரிய குற்றங்கள் உள. அவை பின்னர்க் கூறப்படும்.

மாவின் இயல்பு

நெல்லும் அரிசியும் மணிகளாதலால் அளவில் ஓரளவு ஒழுங்காக நிற்கும். மா அவ்வாறன்று. அளவுக்கும் நிறைக்கும் உள்ள உறவு மாவிற் போல வேறெதிலும் இத்துணை தடுமாறுவதில்லை.

தோட்டப்புறங்களில் கோதுமை மா அன்றாட உணவானதற்கு வரலாறு உண்டு. முன்னாளில் தோட்டக் களஞ்சியத்திலிருந்து தொழிலாளருக்கு அரிசியே புசற்கணக்கில் வழங்கப்பட்டது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைப்பட்டு அங்கிருந்து அரிசி வருவது தடைப்பட்டபின், உணவுப் பங்கீடு ஏற்பட்டு, அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. ரொட்டி அவ்வாறே லயங்களில் நிலைபெற்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை ஏறி, மாப் பங்கீடு குறைக்கப்பட்டபொழுது மிகுந்த துன்பத்துக்குள்ளானோர் தோட்ட மக்களே. அக்காலத்து அன்னையர் மாவைச் சுண்டு சுண்டாக எண்ணியே பயன்படுத்தினர். அளவை என்பது அவர்களுக்குக் கணக்குப் பாடமாக இருந்ததில்லை.

அரித்து, மெல்லக் கரண்டியால் சுண்டுக்குள் இட்டு, மேலே வழித்த கோதுமை மா ஏறக்குறைய 140 கிராம் நிற்கும். அதே சுண்டை மாப்பையினுள் அமுக்கி வாரியெடுத்தால் 170 கிராமளவில் நிற்கும். தட்டி அமுக்கினால் இன்னுங் கூடும். ஆகவே ஒரு கிலோகிராம் மா என்பது மெல்ல அளந்தால் ஏழு சுண்டு, வாரி அளந்தால் ஆறு சுண்டு. கடையிற் கிலோக் கணக்கில் வாங்கிய மா வீட்டிலே ஒரு சுண்டு குறைந்துவிட்டதெனக் கடைக்காரர் மீது ஐயுறுவதற்கு முன், எவ்வாறு அளக்கப்பட்டது என்று பார்த்தல் வேண்டும்.

சமையலிலும் இதன் பயன் தெரியும். நாலு சுண்டு மாவுக்கு இவ்வளவு தண்ணீர் என ஒருவர் சொல்லிக் கொடுத்தார் எனக் கொள்வோம். அவர் மெல்ல அளப்பவர். அவருடைய நாலு சுண்டு 560 கிராம். கேட்டவர் வாரி அளப்பவர். அவருடைய நாலு சுண்டு 680 கிராம். மா 120 கிராம் கூடிவிட, தண்ணீர் அவ்வளவே நிற்க, பிசைந்த மா இறுகி ரொட்டி தோலாகின்றது. பிழை கைப்பக்குவத்திலன்று, அளவிலே உள்ளது. வெதுப்பகத்தார் எதையும் நிறுத்தே சேர்ப்பதும், மாவை நூறாகக் கொண்டு தண்ணீர், உப்பு, மதுவம் ஆகியவற்றை அதன் பங்காகக் கணக்கிடுவதும் இதனாலேயே. நூறு இறாத்தலுக்கும் பத்து இறாத்தலுக்கும் அப்பங்கு மாறுவதில்லை.

அரிசி மாவிலே வேறுபாடு இன்னும் அதிகம். ஊறவைத்து இடித்த பச்சை மா ஈரமுடையது, கட்டிபட்டு நிற்கும். வறுத்து அரித்த மா உலர்ந்து உதிரியாக இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணாற் கணக்கிடுதல் தவறு. ஒரு கொத்து அரிசியை இடித்தால் ஒரு கொத்துக்கு மேலாகவே மா வரும். ஆயினும் நிறை கூடியதாகாது. அரிசி கொடுத்து மா வாங்குவோர் அளவுக்கு அளவு மாற்றிக்கொண்டால் நட்டப்படுவர். நிறைக்கு நிறை மாற்றுதலே நியாயம்.

இரத்தினபுரியைப் போல் ஆண்டு முழுவதும் மழைபெய்யும் இடங்களில் மா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பை திறந்து நெடுநாள் இருந்த மா தராசிற் சற்றுக் கூடுதலாகவும், பிசையும்பொழுது சற்றுக் குறைந்த தண்ணீர் கேட்பதாகவும் இருக்கும். மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்கு அண்மையிலன்றி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

பேணியைச் சோதித்தல்

லயங்களில் சுண்டு என வழங்கும் பாத்திரம் பெரும்பாலும் சிகரட் அடைக்கப்பட்டிருந்த தகரப் பேணியே. சிலர் பால் டின்னையும், சிலர் தேநீர்க் கிண்ணத்தையும் சுண்டென்பர். இவற்றின் கொள்ளளவு ஒன்றுக்கொன்று ஒவ்வாதது. ஆகவே வீட்டிலுள்ள பேணி உண்மையில் எவ்வளவு கொள்ளும் என்பதை ஒரு முறை கண்டறிதல் வேண்டும்.

இதற்குத் தண்ணீரே நடுவர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. வெறும் பேணியை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்க. பின் விளிம்பு மட்டம் தண்ணீர் நிரப்பி மறுபடியும் நிறுக்குக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலீற்றர் பேணியின் கொள்ளளவு. 284 வருமாயின் அது சரியான சுண்டு. 250 வருமாயின், எட்டுப் பேணி சேர்ந்தாலும் ஏழு சுண்டே. வீட்டிலே தராசில்லாதவர் ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலைக் குறிமட்டம் நிரப்பி, அது எத்தனை பேணி நிரப்புகின்றதெனப் பார்க்கலாம். சரியான சுண்டு மூன்றரை நிரம்பும்.

அதன்பின் அதே பேணியில் வீட்டு நெல், வீட்டு அரிசி, வீட்டு மா ஆகியவற்றைத் தனித்தனியே வழித்து அளந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுத்து, நடு எண்ணைப் பேணியின் புறத்தே ஆணியாற் கீறி வைக்கலாம். இத்துண்டுப் பிரசுரத்திற் கண்ட எண்களைவிட அவ்வீட்டுக்கு அவ்வெண்களே மெய்யானவை. நெல் இனத்துக்கு இனம் வேறுபடும். குறுகிய சம்பா மணி நெருங்கிப் படியும். நீண்ட மணி இடைவெளி விடும்.

இதே முறை பசளைக்கும் பயன்படும். மரக்கறிப் பாத்திக்கு யூரியாவைச் சுண்டால் அளந்தால் ஏறக்குறைய 210 கிராம் வரும். மியூரியேற்று பொட்டாசு அதே சுண்டில் 300 கிராமளவில் வரும். ஒரு பேணி அது, ஒரு பேணி இது எனச் சமமாக இடுவோர் உண்மையிற் பொட்டாசைக் கூட்டியும் யூரியாவைக் குறைத்தும் இடுகின்றனர். பசளைக்கெனப் பேணியைத் தனியே ஒதுக்குக. அரிசி அளக்கும் பேணியைப் பசளைக்கு எடுத்தல் ஒருபோதும் ஆகாது.

விதைநெல்லின் கணக்கு

சிங்களக் கிராமங்களில் வயலின் பரப்பையே விதையின் அளவாற் சொல்லும் வழக்கம் உண்டு. பத்து லாகா ஒரு பேலை. நான்கு பேலை ஓர் அமுணம். ஓர் அமுணம் விதைப்பு என்றால் அவ்வளவு விதைநெல் விதைக்கும் நிலம். இவ்வளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதாகையால், குத்தகைக்கு நிலம் எடுப்போர் ஏக்கரையும் பேர்ச்சையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று.

வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்பது வழக்கமான அளவு. இது ஏறக்குறைய 42 கிலோகிராம். ஹெக்டயருக்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஏக்கருக்கு 160 பேர்ச்சு ஆதலால் பேர்ச்சுக்கு 260 கிராம், அதாவது ஒன்றரைச் சுண்டுக்குச் சற்று மேல். தோட்டத்து ஓடையோரத்தில் இருபது பேர்ச்சு மட்டும் செய்பவருக்கு எட்டுக் கொத்துப் போதும். இவை யாவும் ஊறவைப்பதற்கு முன்னுள்ள காய்ந்த விதையின் அளவுகள். ஊறி முளைவிட்ட விதை பருத்து இடம் பிடிக்கும். அதனை எட்டுக் கொத்து அளந்து வீசினால் நிலத்துக்குச் சேரும் விதை குறைந்துவிடும்.

விற்பனையில் கவனிக்க வேண்டியவை

கமக்காரர் 440 கிலோகிராம் நெல்லை விற்கக் கொண்டுசென்றார் எனக் கொள்வோம். பேச்சு புசல் விலையில். கடைக்காரர் சொல்வார்: “அண்ணே, புசலுக்கு இருபத்திரண்டு கிலோ. இருபது புசல் வருது.” கமக்காரர் கேட்கவேண்டியது: “முதலாளி, நாப்பத்தாறு றாத்தலுக்கு இருபத்திரண்டு கிலோ எப்படி வரும்?” 440ஐ 20.87ஆல் வகுத்தால் 21 புசலுக்குச் சற்று மேல் வரும். இருபது புசலுக்கு ஒரு புசல் போயிற்று. கணக்கை எளிதாக்குவதற்காக 21 கிலோ எனக் கொள்வதையேனும் பொறுத்துக்கொள்ளலாம், 22 ஆகாது. இதைத் தவிர்க்க மிகச் சுருக்கமான வழி, புசல் விலை பேசாது கிலோ விலையே பேசுதல். புசல் விலை தெரிந்திருந்தால் அதனை 20.87ஆல் வகுத்துக் கிலோ விலையை முன்னரே கண்டுகொண்டு செல்க.

இனி ஈரத்தின் கணக்கு. நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்கும் ஈரப்பதம் 14 சதவீதம். ஈரவலயமாகிய இப்பகுதியில் அறுவடைக் காலத்திலும் மழை குறுக்கிடுவதால், களத்திலிருந்து நேரே வரும் நெல் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டே இருக்கும். 18 சதவீத ஈரமுள்ள 500 கிலோகிராம் நெல்லில் 90 கிலோ தண்ணீர். எஞ்சிய 410 கிலோவே உலர்பொருள். அது 14 சதவீதத்துக்குக் காயும்பொழுது உலர்பொருள் நூற்றுக்கு 86 பங்காகும். 410ஐ 86ஆல் வகுத்து நூறாற் பெருக்கினால் 477 கிலோகிராம். ஆகவே 23 கிலோ, ஒரு புசலுக்கும் மேலாக, காற்றிற் போய்விடும். நான்கு சதவீதம் என்பதால் இருபது கிலோதானே எனக் கணக்கிடுதல் பிழை. நெல்லும் சேர்ந்து சுருங்குவதால் இழப்பு அதனிலும் சற்று அதிகம்.

ஈர நெல்லுக்குச் சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு என வாங்குவோர் கேட்பதில் முழுமையும் அநியாயம் இல்லை. மேற்கூறிய 500 கிலோவும் ஐம்பது கிலோச் சாக்கு பத்தாக இருந்து, சாக்குக்கு இரண்டு கிலோ கழிக்கப்பட்டால் இருபது கிலோ. அது உண்மையான இழப்புக்குள் அடங்கியது. ஆனால் நெல்லை நான்கு நாள் முயன்று காயவைத்துக் கொண்டுவந்தவரிடமும் அதே இரண்டு கிலோவைக் கழித்தால், அவருடைய உழைப்புக்கு ஒரு புசல் அபராதம் விதித்ததாகும். ஈரமானியால் அளந்து காட்டுமாறு கேட்பது கமக்காரரின் உரிமை. காய்ந்த நெல்லையும் ஈர நெல்லையும் ஒரே சாக்கிற் கலந்து கொண்டுசெல்லுதல் அவ்வுரிமையைத் தானே இழப்பதாகும். சாக்கின் நிறைக்கெனக் கழிப்பதையும் ஊகத்தில் விடாது, வெறுஞ் சாக்கைத் தராசில் வைத்து அறிக.

தராசின் குற்றங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவன. வெறுந்தட்டில் முள் பூச்சியத்தில் நிற்றல் வேண்டும். இலக்கத் தராசாயின் பொருள் வைக்குமுன் பூச்சியம் காட்டுதல் வேண்டும். சமதளத்தில் நிற்றல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத் தராசும் படிகளும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்படல் வேண்டும். முத்திரை உண்டா எனப் பார்ப்பது ஒருவரையும் அவமதிப்பதாகாது. ஐயமுண்டாயின் வீட்டிலிருந்து ஒரு லீற்றர்த் தண்ணீர் நிரப்பிய போத்தலைக் கொண்டுசென்று, முதலில் வெறும் போத்தலையும் பின் நிரம்பிய போத்தலையும் அத்தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். வேறுபாடு ஒரு கிலோகிராம் காட்டுதல் வேண்டும். பெரிய மேடைத் தராசுக்கு ஒரு லீற்றர் போதாது. இருபது லீற்றர்க் கலத்தை நிரப்பி இருபது கிலோ காட்டுகின்றதா எனப் பார்க்குக.

விற்பனையன்று எழுதிக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு சாக்கின் நிறை, வெறுஞ் சாக்கின் நிறை, ஈரப்பதம், கிலோ விலை. புசற்கணக்கு வேண்டுமாயின் அதனை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.